முறுக்கினால் நிற்காத கசிவு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றால் எங்கள் கார் நடுங்கும். ஸ்டீயரிங்கில் கை வைத்தால் உள்ளங்கைக்குள் நாடி துடிப்பது போல இருக்கும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் நடுக்கம் போய்விடும். விரைவுச்சாலையில் 80-ல் போகும்போது ஒரு குறையும் தெரியாது. 2008-ல் பதிவான 1.6 லிட்டர், நாலு சிலிண்டர் ஜப்பானிய வண்டி. 2018-ல் வாகன உரிமைச் சான்றிதழை இன்னொரு பத்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். பத்து வயது தாண்டிய கார் இங்கே வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும், புகையையும் அளப்பார்கள். அதனால் நடுக்கத்தை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் மாற்றிக் கொடுத்தார்கள். நடுக்கம் மாறவில்லை.

நிற்கும்போது வருகிறது, ஓடும்போது வருவதில்லை. நோயைக் கண்டுபிடிக்க இந்த ஒரு துப்பே போதும். அதற்கு எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் இடம் பெருகி அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. காற்று வரும் வழியில் த்ராட்டில் என்ற கதவு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அந்தக் கதவைத் தாண்டி வரும் காற்றை நாலு கிளையாகப் பிரித்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. வண்டி நிற்கும்போது கதவு மூடியிருக்கும், ஆனால் பிஸ்டன்கள் நாலும் மாறி மாறி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடிய வாட்டர் பாட்டிலை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போலத்தான். மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் சுமார் 35 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். நம்மைச் சுற்றி இருப்பது 101 கிலோபாஸ்கல். எந்தச் சந்து கிடைத்தாலும் நுழைந்துவிட வெளிக்காற்று காத்து நிற்கிறது.

மேனிஃபோல்டும், சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் அந்தச் சந்து விழாமல் காப்பதுதான் இன்டேக் கேஸ்கெட். பேக்கிங் என்றும் சொல்வார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கேஸ்கெட்டின் ஓரத்தில் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல், அகலம் ஒரு மயிரிழை, அதாவது 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் திறப்பு 2 சதுர மில்லிமீட்டர்தான், ஊசியால் குத்திய ஓட்டையை விடக் கொஞ்சம் பெரிது. ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளி அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் சந்து வழியாகப் பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. வினாடிக்கு 300 மீட்டருக்கு மேல்! பானெட்டைத் திறந்தால் கேட்கும் அந்த மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' இதனால்தான். இந்த வேகத்தில் 2 சதுர மில்லிமீட்டர் வழியாக வினாடிக்கு ஏறக்குறைய 0.3 கிராம் காற்று நுழையும். நின்றபடி ஓடும் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு வேண்டிய மொத்தக் காற்றே வினாடிக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான். ஆக, ஏழில் ஒரு பங்கு காற்று கணக்கில் வராமல் உள்ளே போகிறது.

எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றினால் எஞ்சின் வினாடிக்கு எட்டுக் கிராம் அளவுக்குக் காற்றை விழுங்கும். கசிவோ அதே 0.3 கிராம்தான். ஒலியின் வேகத்தைத் தொட்ட பிறகு உள்ளே அழுத்தம் இன்னும் இறங்கினாலும் சந்து வழியாகக் கூடுதல் காற்று போகாது. ஏழில் ஒரு பங்காக இருந்தது இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விரைவுச்சாலையில் நடுக்கம் தெரியாததற்கு இதுவே காரணம்.

காற்று கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுவிடும்? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எங்கள் வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகு நுழையும் காற்றை அது பார்ப்பதில்லை. அளந்த காற்றுக்கு மட்டும் கணினி பெட்ரோல் ஊற்றுகிறது, கலவை நீர்த்துப்போகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரியாத ஆக்ஸிஜன் மிஞ்சுவதைப் பார்த்து முறையிடுகிறது. கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. இந்தத் திருத்தத்துக்கு ஃபியூல் டிரிம் என்று பெயர்.

சிக்கல் இங்கேதான் ஆழமாகிறது. விரிசல் ஒரு சிலிண்டரின் வாசலில்தான் இருக்கிறது, ஆனால் கணினி நாலுக்கும் சேர்த்தே பெட்ரோலைக் கூட்டுகிறது. மூன்று சிலிண்டர்களுக்குத் தேவைக்கு மேல் கிடைக்கிறது, நாலாவதுக்கு அப்போதும் போதவில்லை. அது அவ்வப்போது எரியத் தவறுகிறது. ஸ்டீயரிங்கில் நான் உணர்ந்த துடிப்பு அந்த ஒரு சிலிண்டர் தவறவிட்ட அடிகள்.

டாஷ்போர்டுக்குக் கீழே, கார்க் கணினியின் எண்களைப் படிப்பதற்கென்றே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு மலிவான புளூடூத் ரீடரைச் செருகினால் ஃபியூல் டிரிம்மைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நின்ற நிலையில் +15 சதவீதம், 2500 சுற்றில் +4. நோயின் படம் முழுதாகத் தெரிந்துவிட்டது. பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்திருந்தால் எண்கள் தலைகீழாக வந்திருக்கும். நிற்கும்போது சரியாக இருந்து, வேகம் கூடக்கூட மோசமாகும். எதையாவது மாற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிடுங்கள் என்று பழைய கார் வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல்வேன். அளவு சென்சாருக்குப் பதில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் கார்களும் உண்டு. அவற்றில் கசிந்து நுழையும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் டிரிம் பெரிதாக ஏறாது, நின்ற நிலையில் எஞ்சின் சுற்று கூடும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறு முனை மேனிஃபோல்டின் விளிம்பில். மின்விசிறி, பெல்ட் பக்கம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். நாலாவது சிலிண்டரின் அடியில் ஓசை கூடியது. அங்கே ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீரைப் பனிபோல அடித்தேன். தண்ணீர் சந்தை ஒரு கணம் அடைத்ததும் ஓசை நின்றது, எஞ்சின் ஓட்டமும் மாறியது. கார்ப் கிளீனர் என்ற கார்புரேட்டர் கழுவும் திரவத்தை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் எரியக்கூடிய திரவம் வேண்டவே வேண்டாம்.

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை செய்யக் கூடாது. அதனால் சிலேத்தார் ஹில்ஸில் மச்சான் வீட்டுப் போர்ட்டிக்கோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுபோனேன். மச்சான் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "போல்ட்டு தளர்ந்திருக்கும் மாமா. இன்னும் ஒரு சுத்து முறுக்கிப் பார்ப்போமே, எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்கும் தோன்றியது. அது ஏன் உதவாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

கேஸ்கெட்டை ஓட்டை அடைக்கும் பொருளாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு பிளாஸ்டிக். 40 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 28 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. பிளாஸ்டிக் வேறு அளவில் விரிகிறது, அதற்குள் புதுக்காற்று ஓடுவதால் அதன் சூடும் வேறு. ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. காலையும் மாலையுமாகப் பதினைந்து வருடத்தில் பத்தாயிரம் தடவைக்கு மேல். நகரும் முகங்களுக்கு நடுவே இடைவெளி விழாமல் இருக்க, நடுவில் இருப்பது எப்போதும் இரண்டையும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தள்ளல்தான் கேஸ்கெட்டின் வேலை.

எங்கள் வண்டியில் பிளாஸ்டிக்கில் வெட்டிய குழிக்குள் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறது. குழியின் ஆழம் 4 மில்லிமீட்டர், புது ரப்பரின் உயரம் 5.2. போல்ட் இறுகியதும் ரப்பர் 1.2 மில்லிமீட்டர் அமுங்கி, திரும்பி எழத் தவிக்கும். போல்ட் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் நசுங்காமல் இருக்க ஓர் உலோகக் குழல் பதித்திருக்கிறார்கள். போல்ட் இறுக்குவது அந்தக் குழலைத்தான். 8 மில்லிமீட்டர் போல்ட்டை 20 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது ஒரு டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும், தானும் ஒரு மயிரிழை அளவு நீளும். ஆனால் குழல் சிலிண்டர் ஹெட்டில் முட்டிய பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் அதற்கு மேல் அமுங்காது. ஹெட்டிலுள்ள மரை கழன்று வந்தால்தான் உண்டு. அலுமினிய மரை போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

ரப்பர் ஏன் எழும் சக்தியை இழக்கிறது? என் தாத்தா ஜொகூரில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். பால்மரத்து ரப்பரை இந்த இடத்தில் போட முடியாது, பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் அது ஊறி உப்பிவிடும். நைட்ரைல், சிலிகான், ஃபுளோரோ ரப்பர் போன்ற செயற்கை வகைகளைப் போடுகிறார்கள். எந்த ரப்பராக இருந்தாலும் உள்ளே இருப்பது சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறு நூல்கள்தான். அவற்றை அங்கங்கே முடிச்சுப் போட்டால் நசுக்கியதும் பழைய உருவத்துக்குத் திரும்பும். அப்படி முடிச்சுப் போடும் வித்தையைத்தான் 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தையும் சூட்டையும் வைத்துக் கண்டுபிடித்தார். ஆனால் அதே சூடு வருடக்கணக்கில் தொடர்ந்தால் பழைய முடிச்சுகள் சில அறுகின்றன, அமுங்கிய நிலையிலேயே புது முடிச்சுகள் விழுகின்றன. நாளடைவில் அமுங்கிய உருவமே அதன் சொந்த உருவமாகிவிடுகிறது.

குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில்தான் இந்தக் கசிவு அதிகம் தெரியும் என்பார்கள். சிங்கப்பூரில் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. இங்கே ரப்பரை வாட்டுவது நெரிசலில் ஊர்வதும், ஓட்டி வந்து நிறுத்தியதும் பானெட்டுக்குள் தேங்கும் சூடும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஹோஸிலும் டேப் ஒட்டி எண் போட்டேன், மச்சான் படம் எடுத்துக்கொண்டே வந்தார். மேனிஃபோல்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தாங்கியும் அதற்கொரு போல்ட்டும் இருந்தன. அதைக் கண்டுபிடித்துக் கழற்றவே முக்கால் மணி நேரம் போனது. எல்லாம் கழன்ற பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லை என்றால் நெம்பக் கூடாது, எங்கோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும் ஹெட்டில் நாலு வாசல்களும் திறந்து கிடக்கும். அவற்றுக்குள் ஒரு வாஷர் விழுந்தாலும் எஞ்சின் போயிற்று. சுத்தமான துணியைத் திணித்தோம். எத்தனை துணி என்று எண்ணி வைத்தோம், மூடும் முன் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஹெட்டின் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால்தான் சுத்தம் செய்ய வேண்டும். இரும்புச் சுரண்டி போடும் ஒரு கீறல் அடுத்த கசிவுக்கு வழியாகும். உப்புத்தாள் வேண்டாம், அதன் தூள் உள்ளே போனால் பேரிங்கைத் தின்றுவிடும். எங்கள் த்ராட்டிலுக்குள் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது, கழற்றும்போது கொஞ்சம் கொட்டும். அதைத் தட்டில் பிடித்து வைத்தோம். இங்கே வாய்க்கால் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, கூலன்ட் நஞ்சு.

பழைய ரப்பரைக் கையில் எடுத்தபோது உருண்டையாக இருக்க வேண்டிய முதுகு தட்டையாக, நகம் போல இறுகிக் கிடந்தது. வெர்னியர் அளவுகோலில் 4.1 மில்லிமீட்டர் காட்டியது. புதிதில் 5.2 உயரம் இருந்த ரப்பர் இப்போது 4 மில்லிமீட்டர் குழியை விட ஒரு சின்னப் பொட்டு அளவுதான் மேலே நின்றது. அமுங்கிய 1.2 மில்லிமீட்டரில் 1.1 திரும்பவே இல்லை. அதாவது தள்ளும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மச்சான் அதையும் புதியதையும் இரு விரல்களுக்கு இடையில் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு முறுக்குவதைப் பற்றி அவர் பேசவில்லை.

புது ரப்பர் மேல் எந்தப் பசையும் தடவவில்லை. குழியில் அது பிசகாமல் உட்கார வேண்டும், பசை வழுக்கிவிடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினோம். ஒரு ஓரத்தை முதலில் இறுக்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். மரையில் எண்ணெய் போடக் கூடாது. முறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே செலவாகிறது, போல்ட்டை நீட்டுவது பத்தில் ஒரு பங்குதான். எண்ணெய் உராய்வைக் குறைத்துவிட்டால் ரெஞ்ச் அதே அளவைக் காட்டும், ஆனால் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். த்ராட்டிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் வளையத்தையும் கையோடு மாற்றினோம். கடைசியில் சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், பெட்ரோல் குழாயில் எங்கும் ஈரம் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தோம்.

எஞ்சின் முதல் இரண்டு நிமிடம் தடுமாறியது. பேட்டரியைக் கழற்றியதில் கணினி பழைய திருத்தங்களை மறந்திருந்ததுதான் காரணம், அது மெல்ல மெல்ல மறுபடி கற்றுக்கொண்டது. நின்ற நிலையில் +2, 2500 சுற்றில் +1. திரும்பி வரும் வழியில் சிராங்கூன் சாலையில் சிவப்பு விழுந்தது. ஸ்டீயரிங்கில் கை வைத்தேன், எஞ்சின் ஓடுகிறதா என்று சுற்றுமானியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய ரப்பரை எறியவில்லை. எந்தப் பாரமும் இல்லாமல் மேசை இழுப்பறையில் கிடக்கட்டும், கொஞ்சமாவது எழும்புகிறதா பார்க்கலாம் என்று வைத்தேன். நாலு மாதம் கழித்து மறுபடி அளந்தேன். 4.1.