கிராஸிங் எங்கே விழும்?

விழுப்புரம் – மயிலாடுதுறை ரயில் பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்குக் கிராஸிங் என்றால் விளக்கம் தேவையில்லை. அது ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால், இரண்டில் ஒன்று ஏதாவதொரு நிலையத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்க வேண்டும். ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ வண்டி சும்மா நிற்பதுபோல் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாடுகள்தான், அதாவது ஒரே விடையில் சேர்ந்து உண்மையாக வேண்டிய சமன்பாடுகள்.

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து சிதம்பரம் 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். கடலூரிலிருந்து ஒரு பயணிகள் ரயில் நிமிடத்துக்கு 1 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. அதே நேரத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு சரக்கு ரயில், நிமிடத்துக்கு அரை கி.மீ. தூரத்தைக் கடலூரிலிருந்து அளந்தால்:

தூரம் = நேரம்
தூரம் = 36 – நேரம்/2

முதல் சமன்பாட்டுக்கு மட்டும் எண்ணற்ற தீர்வுகள் உண்டு. அந்த ரயில் கடந்துபோகும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தீர்வு. இரண்டாவதற்கும் அப்படியே. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருப்பது ஒரே ஒரு நிமிடத்தில், ஒரே ஒரு இடத்தில். அந்த நிமிடத்தில் இரண்டு 'தூரமும்' ஒன்றே என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம்: நேரம் = 36 – நேரம்/2. விடை 24 நிமிடம், 24-வது கிலோமீட்டர். இதுதான் பிரதியிடல் முறை.

சரக்கு ரயில் 12 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால்? இரண்டாவது சமன்பாடு 'தூரம் = 42 – நேரம்/2' என்று மாறும். சந்திப்பு 28-வது கிலோமீட்டருக்கு நகரும். அங்கே நிலையம் இல்லையென்றால் யாராவது ஒருவர் முன்கூட்டியே நின்றாக வேண்டும். ரயில்வே கட்டுப்பாட்டு அறையின் சார்ட்டில் கிடைமட்டமாக நேரமும் செங்குத்தாக நிலையங்களும் இருக்கும். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. கோடுகள் வெட்டும் இடமே கிராஸிங். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக வரையும் வரைபட முறை, அங்கே தினசரி வேலை.

கோடு வரையாமலும் விடை காணலாம். 9-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் (தீர்த்தங்கரர் அல்ல, கணித அறிஞர்) ஒரு கணக்குத் தருகிறார். 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் 101. ஒரு பழம் என்ன விலை?

9ந + 7வி = 107
7ந + 9வி = 101

இரண்டையும் கூட்டினால் 16ந + 16வி = 208; ஆக ந + வி = 13. கழித்தால் 2ந – 2வி = 6; ஆக ந – வி = 3. இந்த இரண்டையும் மறுபடி கூட்டினால் வி காணாமல் போகிறது: 2ந = 16. நாரத்தை 8, விளாம்பழம் 5. சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினாலும் கழித்தாலும் சமமே வரும். நீக்கல் முறைக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இவ்வளவுதான். தெரியாத ஒன்று விழுந்துபோகும்படி கூட்டவும் கழிக்கவும் தெரிவதுதான் சாமர்த்தியம். மாணவர்கள் பலர் கழிக்கும்போது இரண்டாவது வரியின் குறிகளை மாற்ற மறப்பார்கள்; விடை தவறுவது அதனால்தான். முறையில் ஒரு தவறும் இல்லை.

மகாவீரர் சமணர். சமணர்களின் கணக்கு ஈடுபாட்டுக்கும் கடலூருக்கும் பழைய உறவு உண்டு. சுழியத்தோடு கூடிய இடமதிப்பு முறையைக் காட்டும் மிகப் பழைய நூல்களில் ஒன்றான லோகவிபாகம் என்ற சமண நூலின் காலம் கி.பி. 458. அது உருவான பாடலிகை என்ற ஊர், இன்று கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சரி, எப்போதும் விடை கிடைக்குமா? இரண்டு ரயில்கள் ஒரே திசையில், நிமிடத்துக்கு 1 கி.மீ. என்ற ஒரே வேகத்தில், 15 நிமிட இடைவெளியில் போனால் கோடுகள் இணை. சந்திப்பே கிடையாது. கழித்துப் பார்த்தால் '0 = 15' என்று அபத்தமாக வரும்; தீர்வு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். முதல் சமன்பாட்டையே இரண்டால் பெருக்கி இன்னொன்று என்று கொடுத்தால் '0 = 0' வரும். பொய் இல்லை, ஆனால் புதுச் செய்தியும் இல்லை.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது கோடுகள் தெளிவாக வெட்டுவதற்கும் வெட்டாமலே போவதற்கும் நடுவில் இருக்கும் நிலை. முன்னால் மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் ஒரு ரயில், பின்னால் அதே திசையில் 60 கி.மீ. வேகத்தில் இன்னொன்று. கோடுகள் கிட்டத்தட்ட இணை. பின்னால் வருவது 1 நிமிடம் கழித்துக் கடலூரில் கிளம்பினால், முன்னதை 29-வது கிலோமீட்டரில் பிடிக்கும், அதாவது சிதம்பரத்துக்கு முன்பே. 2 நிமிடம் கழித்துக் கிளம்பினால் 58-வது கிலோமீட்டர், சீர்காழிப் பக்கம். சமன்பாடுகளுக்குத் தீர்வு இருக்கிறது, அதுவும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் கடிகாரத்தில் ஒரு நிமிடப் பிழை இருந்தால் விடை 29 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.