'நடை அருமை' என்றால், எந்த வரி?

பதினைந்து வருடமாக மதிப்புரைகளைத் திருத்துகிறேன். ஒன்று வந்ததும் முதல் வேலையாக, புத்தகத்தின் பின்னட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பல நேரம் இரண்டும் ஒன்றுதான். மீதி அணிந்துரையில் இருக்கும்.

படிக்காமல் எழுதுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். பென்சில் இல்லாமல் படிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கமும் 'அருமை'யும்தான் நினைவில் மிஞ்சும்.

ஒருமுறை, ஒரு நாவலின் மதிப்புரையில் 'நடை நெஞ்சை உருக்குகிறது' என்று இருந்தது. எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எந்த இடத்தில் உருகினீர்கள்? பக்க எண் சொல்லுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம். அப்புறம் சொன்னார்: அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் மகள் துணி மடித்துக்கொண்டே இருக்கிறாள். அவருடைய சட்டை கைக்கு வந்ததும், அதை மட்டும் மடிக்காமல் ஓரமாக வைக்கிறாள். அழுதாள் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. "இதையா சார் எழுதணும்?" என்றார். இதைத்தான். உருகிய நெஞ்சை அடித்துவிட்டு அந்தச் சட்டையைச் சேர்த்தோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் மதிப்புரைக்குச் சில விதிகள் சொன்னார். ஆசிரியர் செய்ய முயலாத ஒன்றுக்காக அவரைக் குறை சொல்லக் கூடாது என்பது முதல் விதி. சிறுவர் கதையில் தத்துவம் தேடுகிறவர்களுக்கு அதை அனுப்பிவைக்கலாம். வாசகரே ருசி பார்க்கிற அளவுக்கு நூலிலிருந்து ஒரு பகுதியையாவது அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அடுத்தது.

குறை சொல்வதற்கும் இதுதான் முறை. மொழிபெயர்ப்பு தடுக்குகிறது என்றால், தடுக்கிய வாக்கியத்தைக் காட்டுங்கள். ஓரிடம் போதாது, அது அச்சுப்பிழையாகவும் இருக்கலாம். கூடவே மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் போடுங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம்.

நட்புக்காகப் புகழ வேண்டியிருக்கும் நூலை மதிப்புரைக்கு வாங்கக் கூடாது என்றும் அப்டைக் சொல்கிறார். நான் வாங்கினேன். நண்பரின் கவிதைத் தொகுப்பு. 'சில கவிதைகள் வளவளவென்று நீள்கின்றன' என்று எழுதியதை, மனசு கேட்காமல் 'சில கவிதைகள் விரிவாகப் பேசுகின்றன' என்று மாற்றினேன். அடுத்த பதிப்பின் பின்னட்டையில், என் பெயரோடு, அந்த வரிதான் இருக்கிறது.