பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?

தக்கலையில் லேப் வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் ஆட்கள் தேடுவது ஒரே சொல்லைத்தான். பாசிட்டிவா, நெகட்டிவா?

போன மழைக்காலத்தில் குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் பால்வெட்டும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் பேறு, ஏழாம் மாதம். புருஷன் வீட்டிலிருந்து அழைத்து வந்த கையோடு சுகர் பார்க்க வந்திருந்தார்கள். பழைய ரிப்போர்ட் உண்டா என்று கேட்டேன். “அது வீட்டுல கிடக்கு சாரே. நெகட்டிவ்னுதான் போட்டிருக்கு, நோய் ஒண்ணும் இல்ல” என்றார். ஏதோ உறுத்தியது, எடுத்து வரச் சொன்னேன். மறுநாள் நாலாக மடித்துக் கொண்டுவந்த தாளில் இருந்தது ரத்தக் குரூப். ஓ நெகட்டிவ்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2020-இல் கொரோனா வந்து நெகட்டிவ் என்றால் நிம்மதி என்று ஊருக்கே பழக்கிவிட்டது. அதற்கு முன்னால் பாசிட்டிவ்தான் நல்ல சொல், ‘பாசிட்டிவா யோசி’ என்போமே, அது. லேப்பில் நல்லது, கெட்டது இரண்டுமே இல்லை. பாசிட்டிவ் என்றால் தேடியது இருக்கிறது. நெகட்டிவ் என்றால் தேடியது தென்படவில்லை. அவ்வளவுதான். எதைத் தேடினார்கள் என்பதில்தான் விஷயம். கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் ஒரு வீட்டில் லட்டு, இன்னொரு வீட்டில் அழுகை. எச்ஐவி தொற்றிய புதிதில் நெகட்டிவ் என்றும் வரலாம்.

ரத்தக் குரூப்பில் பாசிட்டிவா, நெகட்டிவா என்று சொல்லத் தேடுவது சிவப்பணுவின் மேலிருக்கும் ‘டி’ என்ற பொருளை. அம்மாவுக்கு அது இல்லாமல், அப்பாவுக்கு இருந்தால், குழந்தைக்கும் இருக்கலாம். பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் கலந்தாலும் அம்மாவின் உடல் அதை எதிர்க்கப் பழகிவிடலாம். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடி விழுவது அடுத்த பிள்ளைக்கு: ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, சிலநேரம் உயிரே போகும். இதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கிறது. வழக்கமாக 28-ஆவது வாரத்தில் ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மருமகன் என்ன குரூப் என்று கேட்டேன். போன் போட்டார். பி பாசிட்டிவ்.

“அப்போ அவனுக்குத்தான் வல்ல நோயும் உண்டா சாரே?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாளின் பின்பக்கம் ‘ஊசி பற்றி டாக்டரிடம் இன்றே கேட்கவும்’ என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.