நீர் குடிக்கும் கல்

பிரான்சின் போர்தோ நகரிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மேட்டின் விளிம்பில் இருக்கிறது செயிண்ட் எமிலியோன். தேன் நிறக் கல் வீடுகள், கால் வழுக்கும் அளவுக்குச் சரிந்திறங்கும் கல் பாவிய சந்துகள், கடைசி வீடு முடியும் இடத்திலேயே தொடங்கிவிடும் திராட்சைத் தோட்டங்கள். ஊரையும் தோட்டங்களையும் சேர்த்தே 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கோடையில் அங்கே போகிறவர்கள், ஊருக்குள் நுழையும் முன் தோட்டத்தருகே சிறிது நேரம் நிற்க வேண்டும். மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருக்கலாம். பாசனக் குழாய் எதுவும் கண்ணில் படாது. போர்தோ பகுதியின் ஒயின் விதிகள் காய்க்கும் கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பொதுவாக இடம் தருவதில்லை. மேட்டின் மீது மண்ணும் பல இடங்களில் ஓரிரு அடி ஆழம்தான். அதற்குக் கீழே பாறை. ஆனாலும் கொடிகள் பச்சையாகவே நிற்கின்றன.

தண்ணீர் இருப்பது அந்தப் பாறைக்குள். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒலிகோசீன் காலத்தில், இந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகளும் துணுக்குகளும் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. நட்சத்திர மீன்களின் எச்சங்கள் இதில் நிறைய உண்டு. பிரெஞ்சுப் புவியியலாளர்கள் இந்தக் கல்லுக்கு அந்த உயிரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையான கல் இது. உள்ளே கணக்கற்ற நுண்துளைகள்.

குளிர்கால மழை இந்தத் துளைகளை நிரப்புகிறது. பெரிய துளைகளில் நிற்கும் நீர் தன் எடையாலேயே கீழே வடிந்துவிடும். நுண்ணிய துளைகளில் இருக்கும் நீர் வடியாது. கல்லின் சுவர்கள் அதைப் பற்றிக்கொள்ளும். கோடையில் மேல்மண் காய்ந்ததும், அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்த நீர் ஈரமான பகுதியிலிருந்து வறண்ட பகுதியை நோக்கி ஊர்ந்து ஏறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். வேர்கள் கல்லைத் துளைப்பதில்லை. விரிசல்களுக்குள் இறங்கி, கல்லின் முகத்தை ஒட்டிப் படர்ந்து, கசியும் நீரை எடுத்துக்கொள்கின்றன. துளை குறுகக் குறுகப் பிடியும் இறுகும். அதனால் இந்தக் கல் நீரை ஒரே மூச்சில் கொடுத்துத் தீர்ப்பதில்லை, மெதுவாகவே விடுகிறது.

ஒயினுக்கு இந்த மெதுவான வேகம் மிகவும் முக்கியம். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி தழைத்துக்கொண்டே போகும். பழம் பருத்து நீர்த்துவிடும். அளவான தாகம் எடுத்தால் தளிர் வளர்ச்சி நின்று, இலைகள் செய்யும் சர்க்கரை பழத்துக்குப் போகும். பழம் சிறியதாகவே இருக்கும். சிறிய பழத்தில் சாற்றை ஒப்பிடத் தோலின் பங்கு அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகின்றன. தாகம் எல்லை மீறினாலோ இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், பழுப்பதே தடைபடும். இங்கே அதிகம் விளையும் மெர்லோ திராட்சையை இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவில் நிறுத்துவது கல்லின் பெரிய உதவி.

இந்த ஒயினைக் குடித்தால் கல்லின் சுவையே தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வேர் உறிஞ்சும் தாதுக்கள் ஒயினில் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லுக்கு என்று தனிச் சுவையும் கிடையாது. பழம் எப்படி வளர வேண்டும் என்பதைத்தான் கல் தீர்மானிக்கிறது. அதுவே வியக்கப் போதுமானது.

சுண்ணாம்பு தொல்லையும் கொடுத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைலோக்செரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்மீது பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டுக்கட்டினார்கள். சுண்ணாம்பு நிலத்தில் அந்த வேர்கள் பலவற்றால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை. இலைகள் மஞ்சளாக வெளுத்தன. 1887-இல் பியர் வியாலா என்ற பிரெஞ்சு அறிஞர் தீர்வு தேடி அமெரிக்கா சென்றார். டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் இயற்கையாக வளரும் காட்டுத் திராட்சையில் அது கிடைத்தது. அதன் கலப்பினங்கள் இன்றும் பிரான்சின் சுண்ணாம்பு நிலத் தோட்டங்களில் மண்ணுக்கடியில் இருந்து கொடிகளைத் தாங்குகின்றன.

இப்போது ஊருக்குள் போகலாம். நடுச் சதுக்கத்தின் மேல் மணிக்கூண்டு உயர்ந்து நிற்கிறது, ஆனால் அதற்கான தேவாலயம் கண்ணில் படாது. அது பாறைக்குள் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அதே சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து, 38 மீட்டர் நீளமும் 12 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கூடத்தை உருவாக்கினார்கள். கட்டியது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. வேண்டாத கல்லை வெட்டி எடுத்தார்கள், மிச்சம் நின்றவை தூண்கள் ஆயின. கல் மென்மையாக இருந்ததால்தான் இது முடிந்தது. பின்னர் அதன் தலைமீது எழுந்த மணிக்கூண்டின் எடை சுமார் 4,500 டன்.

அந்தத் தூண்களும் நீர் குடிக்கும் கல்தான். மேலிருந்து மழைநீர் கசிந்து இறங்குகிறது, கல்லின் துளைகள் நிரம்புகின்றன. நனைந்த சுண்ணாம்புக்கல்லுக்கு உலர்ந்த கல்லின் வலிமை இருப்பதில்லை. துகள்களுக்கு இடையிலான பிடிப்பை நீர் தளர்த்துகிறது. நூற்றாண்டுக் கணக்கில் சிறிது சிறிதாகக் கல்லைக் கரைத்தும் விடுகிறது. 1990-களில் தூண்கள் சுமையைத் தாங்குமா என்ற அச்சம் எழுந்தது. அந்த மங்கிய வெளிச்சத்தில் நிற்கும்போது சில தூண்களை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளைப் பார்க்கலாம்.