அலை நனைத்த மணலில் வண்டி ஏன் புதைவதில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தரம் 9-இல் படிக்கும் என் மகன் விடுமுறை முழுக்க மரியோ கார்ட் என்ற வண்டிப் பந்தய வீடியோ கேம் விளையாடுகிறான். அதில் கடற்கரைப் பாதைகள் வருகின்றன. மணல்மேலேயே கார்ட் தார் வீதியில் போவதுபோல் ஓடுகிறது. நம் கடற்கரையில் சைக்கிளை இறக்கினால் பத்தடி போக முடியாது. இந்தக் கேம் பிள்ளைகளுக்குப் பிழையான இயற்பியலைச் சொல்லிக் கொடுக்கிறதா? தண்ணீருக்குள் இறங்கியதும் வேகம் குறைவதாவது சரியா?"

நல்ல கேள்வி. சைக்கிளை நீங்கள் எந்த இடத்தில் இறக்கினீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. ரயில் பாதையைத் தாண்டியதும் வரும் உலர்ந்த மணலில் என்றால் புதையத்தான் செய்யும். இன்னும் சில அடிகள் கடலை நோக்கிப் போய், அலை இப்போதுதான் நனைத்துவிட்டுத் திரும்பிய பட்டையில் ஓட்டிப் பார்த்திருந்தால் கதை வேறு. தெஹிவளைப் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது பிட்ச்சை எங்கே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பந்து எழும்புவது அந்த ஈரப் பட்டையில்தான்.

முதலில் கேமைப் பார்த்துவிடுவோம். 1992-இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ கார்ட்டிலேயே கூப்பா பீச் என்ற பெயரில் இரண்டு பாதைகள் இருந்தன. 1996-இல் வந்த மரியோ கார்ட் 64-இல் கூப்பா ட்ரூப்பா பீச், 2003-இல் டபுள் டாஷ் என்ற பதிப்பில் பீச் (Peach) என்ற இளவரசியின் பெயரில் ஒரு கடற்கரை, 2005-இல் நிண்டெண்டோவின் கையடக்க டிஎஸ் கருவிக்கு வந்ததில் சீப் சீப் பீச் என்று இந்த வரிசை நீள்கிறது. முதல் கேமில் ஒரு பாதை என்பது 1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட ஒரு தட்டையான படம், அவ்வளவுதான். அதை 8-க்கு 8 புள்ளிகளாகச் சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரித்திருப்பார்கள். கேம் ஓடிய கருவியிலிருந்த மோட் 7 என்ற வசதி அந்தப் படத்தைத் திருப்பும், பெரிதாக்கும், சிறிதாக்கும். திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டுக்கும் பெரிதாக்கும் அளவை மாற்றிக்கொண்டே போனால், தட்டைப் படம் தூரத்தில் போய்ச் சுருங்கும் நிலமாகக் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வகை ஓட்டுக்கும் அது எந்தத் தரை என்று ஒரு குறிப்பு உண்டு: பாதை, கரடுமுரடு, ஆழமில்லாத நீர், ஆழ்கடல். கார்ட்டின் கீழே எந்த ஓடு இருக்கிறதோ அதைப் பார்த்து வேகத்தின் உச்ச வரம்பை கேம் வைக்கிறது. பின்னால் வந்த முப்பரிமாணக் கேம்களில் ஓடுகளுக்குப் பதில் முக்கோணத் துண்டுகள் வந்தன, அடிப்படை எண்ணம் அதேதான்.

அதாவது கேமுக்குள் மணல் என்ற பொருளே கிடையாது. மணல் நிறத்தில் ஒரு ஓடும் அதற்கு ஒரு எண்ணும் உண்டு. கூப்பா பீச்சை வடிவமைத்தவர்கள் அந்த மணலுக்குப் பாதைக்குரிய எண்ணைக் கொடுத்தார்கள். விளையாட்டு விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்று கொடுத்திருக்கலாம். ஆனால் அலையோர மணலைப் பொறுத்தவரை அந்த எண் இயற்பியலுக்கு வெகு அருகில் இருக்கிறது.

உலர்ந்த மணலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிகளுக்கிடையில் உராய்வைத் தவிர வேறு பிடிப்பு கிடையாது. சக்கரம் அழுத்தினால் மணிகள் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிடும், சக்கரம் இறங்கும், அதன் முன்னால் ஒரு சிறு மேடு குவியும். அந்த மேட்டைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருப்பதால்தான் காலும் இயந்திரமும் களைத்துப் போகின்றன. கொஞ்சம் ஈரம் சேர்த்தால் மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் நீர்ப் பாலங்கள் உண்டாகும். நீரின் மேற்பரப்பைத் தோல்போல் இழுத்து வைத்திருக்கும் மேற்பரப்பு இழுவிசை அந்த மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். மணல் வீடு கட்டும் பிள்ளைக்குக் கைகொடுப்பது இந்த விசைதான். இதற்கு மிகச் சிறிதளவு நீரே போதும். மணல் வீடு உறுதியாக நிற்க, கனவளவில் ஏறத்தாழ 1 சதவீத நீர்தான் மிகப் பொருத்தம் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் குழுவினர் 2012-இல் எழுதினார்கள். அதே குழு 2014-இல் எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றைக் கையில் எடுத்தது. சுமார் கி.மு. 1900-ஐச் சேர்ந்த அந்த ஓவியத்தில் பெரிய சிலை ஒன்றைச் சறுக்குப் பலகையில் வைத்து ஆட்கள் இழுக்கிறார்கள், முன்னால் ஒருவர் மணலில் நீர் ஊற்றுகிறார். சடங்கு என்று நினைக்கப்பட்ட அந்தச் செயலைச் சோதித்துப் பார்த்தபோது, சரியான அளவு ஈரத்தில் இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைந்தது. முன்னால் மேடு குவிவது நின்றுபோனதே காரணம்.

சரி, இதுவரை பாடப்புத்தகத்திலும் ஓரளவு இருப்பவை. அலையோரப் பட்டைக்கு இந்த விளக்கம் போதாது. அங்கே மணல் ஈரமாக இருப்பதோடு நிற்பதில்லை, இடைவெளி எல்லாம் நீரால் நிரம்பியிருக்கிறது. நீர்ப் பாலம் உண்டாகக் காற்றும் வேண்டும். முழுதும் நிரம்பிவிட்டால் பாலம் இல்லை, இழுவிசையும் இல்லை. அப்படியானால் அந்த மணல் சேறாக அல்லவா இருக்க வேண்டும்? இருந்தும் அது ஏன் காங்கிரீட் மாதிரி நிற்கிறது?

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு ஆசை. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, அலை திரும்பிப் போனதும் மினுங்கும் மணலில் மெதுவாக ஒரு பாதத்தை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் தோன்றும். மினுக்கம் போய்விடும், மணல் காய்ந்துவிட்டதுபோல் தெரியும். நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் ஒரு கணம் யோசித்தால் இது முற்றிலும் தலைகீழாக இருக்கிறது. ஈரமான ஒன்றை அழுத்தினால் நீர் வெளியே வரவேண்டும். இங்கே நீர் உள்ளே போகிறது.

புறக்கோட்டையில் தோடம்பழக் கடைக்காரர் பழங்களை அடுக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். மேல் வரிசைப் பழம் ஒவ்வொன்றும் கீழ் வரிசையின் குழியில் உட்கார்ந்திருக்கும். உருண்டைகளை இதைவிட நெருக்கமாக அடுக்க வழியில்லை. இருக்கும் இடத்தில் 74 சதவீதம் பழம், மீதி வெற்றிடம். இப்போது மேல் வரிசையை மட்டும் பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்றால் என்ன நடக்கும்? ஒவ்வொரு பழமும் தன் குழியை விட்டு மேலே ஏறினால்தான் நகர முடியும். எல்லாமே ஏறுவதால் குவியல் முழுவதும் உயரும், பழங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் பெருகும். நெருங்கி அடுக்கிய உருண்டைகளை உருக்குலைக்க முயன்றால் அவை விரிந்தே தீர வேண்டும்.

மணல்மணிகள் ஒழுங்கில்லாதவை, அந்த அளவு நெருக்கமாக அடங்குவதில்லை. ஆனால் அலை ஒவ்வொரு முறையும் வந்து போகும்போது அவற்றை உலுக்கி, இருப்பதற்குள் நெருக்கமான அமைப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அந்த மணலை உங்கள் பாதம் நசுக்கி உருமாற்றப் பார்க்கிறது. மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, இடைவெளிகள் பெரிதாகின்றன. புதிதாகப் பிறந்த அந்த இடத்தை நிரப்ப நீர் வேண்டும். பக்கத்தில் கிடைப்பது மேற்பரப்பில் கண்ணாடிபோல் மினுங்கும் மெல்லிய நீர்ப்படலம். அது உள்ளே இழுக்கப்படுகிறது. படலம் போனதும் மணிகளின் சொரசொரப்பு வெளியே தெரிகிறது, ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மணல் காயவில்லை. அதற்குள் முன்பைவிட அதிக நீர் இருக்கிறது. பாதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், உள்ளே போன அந்த நீர் காலடித் தடத்தில் குட்டையாகத் தேங்கி நிற்கும்.

வலிமை எங்கிருந்து வருகிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. இடைவெளி பெருகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து நீரால் ஓடிவர முடிவதில்லை. மணிகளுக்கிடையே உள்ள குறுகிய வழிகளில் நுழைந்து வரவேண்டுமே. அதனால் உள்ளே உள்ள நீரின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைவிடக் குறைந்துவிடுகிறது. வெளியே அமுக்கம் கூட, உள்ளே குறைவு. இந்த வித்தியாசம் மணிகளை நாலாபக்கமும் இருந்து இறுக்குகிறது. இறுகிய மணிகளுக்கிடையில் உராய்வு கூடுகிறது. மிதிப்பவரின் பாரத்துக்கு எதிரான வலிமையை அந்த மிதியே உண்டாக்குகிறது. இந்த நிகழ்வைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இதை 1885-இல் தெளிவாக விளக்கியவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஒஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ். பாய்ம இயக்கவியல் படித்தவர்களுக்கு ரெய்னால்ட்ஸ் எண் மூலம் தெரிந்த அதே ஆள். இறப்பர்ப் பை ஒன்றில் மணலும் நீரும் நிரப்பி, வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, பையை அமுக்கிக் காட்டினார். குழாயில் நீர் ஏறும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். இறங்கியது. வாசகியின் மகன் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மென்மையான பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, அது நிறையக் கடல் மணல், இடைவெளி போக நீர், மூடியில் துளை போட்டு ஒரு குளிர்பானக் குழாய். காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, போத்தலை நன்றாகத் தட்டி மணலை அடையச் செய்ய வேண்டும். தட்டாமல் விட்டால் மணல் தளர்வாக இருக்கும், விளைவு தெரியாது.

அந்தத் தளர்வு விஷயம் முக்கியம். தளர்வாக அடைந்த மணலை உருமாற்றினால் அது விரிவதற்குப் பதில் சுருங்கும். நீரின் அமுக்கம் கூடும், மணிகள் ஒன்றை ஒன்று தொடாமல் மிதக்கத் தொடங்கும். புதைமணல் என்று நாம் பயப்படுவது இதைத்தான். அது ஆளை முழுதாக விழுங்கும் என்பது கட்டுக்கதை. நீர் கலந்த மணலின் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, ஆகவே இடுப்பளவோடு மிதந்துவிடுவோம். புதைமணலில் உண்மையான ஆபத்து, மாட்டிக்கொண்ட இடத்தில் கடல் ஏறிவருவது.

அப்புறம் வேகம். நீர் உள்ளே ஓடிவந்து சேரும்வரைதான் அந்த இறுக்கம். ஓரிடத்தில் நின்றால் அமுக்கம் சமமாகி மணல் மெல்ல இளகும். ஓடும் சக்கரம் அதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். மணி நுண்ணியதாக இருந்தால் வழிகள் இன்னும் குறுகல், நீர் வர இன்னும் நேரமாகும், இறுக்கம் நீடிக்கும். எனவே நுண்மணல், அலையால் நன்றாக அடைந்த மணல், அகலமான ஈரப் பட்டை, நிற்காத வண்டி ஆகிய நான்கும் சேர்ந்தால் கடற்கரை நிஜமாகவே ஓடுபாதை ஆகிவிடும்.

ஆகியும் இருக்கிறது. அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் 1927-இல் ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டினார். 1935 மார்ச்சில் அதே மணலில் மால்கம் கேம்பல் தன் புளூ பேர்ட் காரை மணிக்கு 445 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினார். பாதி கடற்கரையும் பாதி வீதியுமான கார்ப் பந்தயங்கள் டேட்டோனாவில் 1958 வரை நடந்தன. வேல்ஸில் உள்ள பென்டைன் மணல்வெளியிலும் 1920-களில் சாதனைகள் நடந்தன. அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் பல மீற்றர் மாறும், வற்றின்போது அகன்ற ஈரமணல் வெளிப்படும்.

கொழும்பில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. கரையும் சரிவானது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் நுண்மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை பல இடங்களில் ரயில் பாதையைக் காக்கக் கொட்டிய பாறைகள்தான் கரை. ஆகவே நமக்குக் கிடைப்பது சில அடி அகலமான பட்டை. காரைநகரின் கசூரினா கடற்கரையில் நடந்தவர்களுக்கு வித்தியாசம் காலிலேயே தெரியும். அங்கே சரிவு மிகக் குறைவு.

இங்கே என் மனத்தாங்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020-இல் கல்கிசையில் கடலடி மணலை அள்ளி வந்து கரையில் கொட்டினார்கள். பருவக்காற்று வந்ததும் அதில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு நின்றது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எந்த அளவு மணி, எந்தச் சரிவில், எத்தனை பருவம் தாங்கும் என்பதற்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் அளந்த எண்கள் வேண்டும். இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தீவில் இருந்துகொண்டு மணலை அளக்கப் பணம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மணல் ஆராய்ச்சி என்றால் சிலர் சிரிப்பார்கள். சல்லடை, தராசு, அளவுகோல், சம்பளம் கிடைக்கும் நான்கு பட்டதாரிகள் என்று தொடங்கக்கூடிய வேலை இது. அதன் பலன் மீனவர் வாடிகளுக்கும் ரயில் பாதைக்கும் சேரும்.

மகனின் தரப்பில் மிச்சமிருப்பது தண்ணீர். ஆழமில்லாத நீரில் கார்ட் தளர்வது முற்றிலும் சரி. நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு, சக்கரம் அதை ஒவ்வொரு சுற்றிலும் ஒதுக்கித் தள்ள வேண்டும். டபுள் டாஷ் கடற்கரையிலும் சீப் சீப் பீச்சிலும் நீர் ஏறி இறங்குவதும் உண்மையைப் பார்த்துச் செய்ததே, வேகம் மட்டும்தான் மிகை. நிலவு ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்கு 12 மணி 25 நிமிடம் எடுத்துக்கொள்கிறது, கேமில் அது ஒரு பந்தயத்துக்குள்ளேயே பல முறை நடந்து முடிகிறது. 2011-இல் வந்த மரியோ கார்ட் 7 முதல் கடலடியிலேயே ஓட்டலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் இயற்பியலில் நான் இடம் தேடவில்லை.