ஓடாத தண்ணீரில் நீரோட்டமானியைச் சோதிப்பது

கடல் நீரோட்டத்தை அளக்கும் கருவியைச் சோதிக்க, வேகம் துல்லியமாகத் தெரிந்த ஓர் ஓட்டம் வேண்டும். சுழலோ ஏற்றத்தாழ்வோ இல்லாமல் அப்படித் தண்ணீரை ஓடவைப்பது பெரும்பாடு. அதனால் வேலையைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். நீளமான தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கும். மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் தொங்கும் கருவிதான் நகரும். வண்டியின் வேகத்தைக் கருவியும் காட்டினால் சரி. அப்புறம், கலங்கிய தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி வண்டியை ஓட்டுவார்கள்.

டாப்ளர் கருவிகளுக்கு இந்தத் தொட்டியே தொல்லை. அவை அனுப்பும் ஒலி, நீரில் மிதக்கும் துகள்களிலும் நுண்ணுயிர்களிலும் பட்டுத் திரும்ப வேண்டும். அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்துதான் வேகம் கிடைக்கிறது. தண்ணீர் சுத்தமாக இருந்தால் எதிரொலியே வராது! வேண்டுமென்றே நுண்தூளைக் கலக்க வேண்டியிருக்கிறது. சுவர்களில் பட்டு வரும் ஒலி வேறு குழப்பும். அளக்க வேண்டிய மாற்றமோ மிகச் சிறியது: 300 கிலோஹெர்ட்ஸ் கருவியில், ஒலிக்கற்றையின் திசையில் நொடிக்கு 1 செ.மீ. வேகம் என்றால் வெறும் 4 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு, இந்தக் கணக்குக்கு ஒலியின் வேகமும் தெரிய வேண்டும்: 20 டிகிரி செல்சியஸில் நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டரும் கடல்நீரில் சுமார் 1,520 மீட்டரும் போகிறது. உப்பின் அளவைக் கருவிக்குத் தவறாகச் சொன்னால் வேகம் 2 அல்லது 3 சதவீதம் பிசகும்.

தொட்டியில் தேறியது கடலிலும் தேறும் என்று நம்ப முடியாது. ஒரு காலத்தில் நீரோட்டமானிகளில் பரவலாக இருந்த, ஓட்டம் தள்ளத் தள்ளச் சுற்றும் சவோனியஸ் சுழலியே இதற்குச் சாட்சி. நேராக இழுத்தால் ஒழுங்காகத்தான் அளக்கும். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது ஒரே திசையில் சுற்றும். அலையில் தண்ணீர் முன்னும் பின்னும் ஆட, இரண்டையும் கூட்டி, இல்லாத வேகத்தைக் காட்டியது. இதற்கு மாற்றாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சுழல்விசிறிகள் கொண்ட நீரோட்டமானியை கடலியலாளர்கள் வெல்லரும் டேவிஸும் 1980இல் விவரித்தார்கள். அதில் ஓட்டம் திரும்பினால் விசிறியும் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னும் பின்னும் ஆடும் அசைவு தானே கழிந்துவிடும்.

வேகம் சரி, திசை? உள்ளே இருக்கும் மின்கலங்களின் இரும்பு உறையே திசைகாட்டியை இழுக்கக்கூடும். அதனால் கடலில் இறக்கும்போது இருக்கப்போகிற அதே மின்கலங்களோடு, சுற்றிலும் இரும்பு இல்லாத இடத்தில் கருவியைச் சுழற்றிப் பார்ப்பார்கள். 5 டிகிரி பிழை சின்னதாகத் தோன்றலாம். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் அது பக்கவாட்டில் 9 செ.மீ. வரை பொய்யான ஓட்டத்தைச் சேர்த்துவிடும்.

கப்பலின் அடியில் பொருத்திய டாப்ளர் கருவிக்குச் சங்கடம் இன்னும் அதிகம். அது வெறும் 1 டிகிரி கோணலாக இருந்தாலே போதும்: நொடிக்கு 5 மீட்டரில் போகும் கப்பலில் அதே 9 செ.மீ. பிழை வரும். இதைப் பிடிக்கத் தொட்டி தேவையில்லை, கடல்தரையே போதும். ஆழம் குறைந்த இடத்தில் தரையில் பட்டு வரும் எதிரொலியிலிருந்து கப்பலின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு, ஜி.பி.எஸ். சொல்வதோடு ஒப்பிடுகிறார்கள். தரை நகராது. ஆகவே இரண்டுக்கும் இடையே தொடர்ந்து தெரியும் கோண வித்தியாசம்தான் கருவியின் கோணல். அதன்பிறகு எடுக்கும் எல்லா அளவுகளிலும் அதைக் கழித்துக்கொள்ளலாம்.