300 வாட் ஆம்ப்ளிஃபையர் 400 வாட் ஸ்பீக்கரை எரிப்பது எப்படி?

மைக்செட் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஆம்ப்ளிஃபையர் 300 வாட்தான், ஸ்பீக்கரோ 400 வாட், பிறகு காயில் எப்படி எரிந்தது? ஸ்பீக்கர் டூப்ளிகேட் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

ஸ்பீக்கரின் அடிப்படை பள்ளியில் படித்ததுதான். காந்தப்புலத்துக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது முன்னும் பின்னும் தள்ளப்படும். அதோடு ஒட்டிய கோன் காற்றை அசைக்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸும் கெல்லாகும் 1925இல் வெளியிட்ட வடிவமே அடிப்படையில் இன்றும் தொடர்கிறது.

அதிகம் பேசப்படாதது அதன் திறன். மேடைக்கு வைக்கும் நல்ல 15 அங்குல ஸ்பீக்கர்கூட வாங்கும் மின்சாரத்தில் 3, 4 சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. மீதி அநேகமாக முழுவதும் காயிலில் சூடாகிறது. காயிலில் 30 கிராம் செம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட் அதில் இறங்கி, சூடு வெளியேற வழியே இல்லை என்றால் வெப்பநிலை நொடிக்குச் சுமார் 26 டிகிரி ஏறும். பத்து நொடியில் பசை கருகத் தொடங்கிவிடும். அப்படி ஆகாமல் காப்பது, காயிலின் இரு பக்கமும் உள்ள, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத காற்று இடைவெளி. காற்று மோசமான வெப்பக்கடத்திதான். ஆனால் இடைவெளி அவ்வளவு குறுகலாக இருப்பதால் சூடு அதைத் தாண்டி, காயிலுக்கு உள்ளே நிற்கும் நடு இரும்புக்கும் வெளியே சூழ்ந்திருக்கும் மேல் தட்டுக்கும் போய்விடுகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று நடக்கிறது. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். அறை வெப்பத்தில் 6 ஓம் காட்டிய காயில் 200 டிகிரியில் 10 ஓமைத் தாண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபையர் தரும் வோல்டேஜ் அதேதான் என்பதால் உள்ளே போகும் பவர் தானாகக் குறைகிறது. ஒலியும் 2 டெசிபலுக்கு மேல் இறங்குகிறது. காயில் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது! அதைக் கெடுப்பவர்கள் நாம்தான். சத்தம் மங்குகிறதே என்று வால்யூமைத் திருகுகிறோம். அதோடு, காயில் சூடாகச் சில நொடி போதும். கனமான காந்தக் கட்டை சூடாக அரை மணிக்கு மேல் ஆகும். கட்டையே கொதித்த பிறகு காயிலின் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. கச்சேரியின் தொடக்கத்தில் தாங்கிய அதே சத்தம் பிற்பாதியில் எரிப்பது இதனால்தான்.

இனி 300 வாட் கணக்கு. ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு (இதுதான் கிளிப் ஆவது) சதுர அலையாகும். அதே உயரமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலையில் பவர் இருமடங்கு. பவர் சப்ளை ஈடுகொடுத்தால் 600 வாட்டை நெருங்கும். கிளிப் ஆனால் டிசி பாய்ந்து எரிகிறது என்ற நம்பிக்கை தவறு. இரு பக்கமும் சமமாக வெட்டுப்பட்ட அலையில் டிசி கிடையாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால்தான் டிசி வரும். அப்போது கோன் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்க, காயில் இடைவெளியை விட்டு விலகி நொடிகளில் கருகும். பெட்டிகளில் பிஎம்பிஓ (கணநேர உச்ச பவர்) என்று ஆயிரக்கணக்கில் அச்சிடுவதை அரசு தடுக்க வேண்டும். அந்த எண்ணுக்குத் தரநிலை எதுவும் கிடையாது.

பழுது பார்க்க முதலில் மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயிலைக் குறை சொல்லும் முன் டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியைப் பாருங்கள். அறுந்தது அதுவென்றால் கம்பியை மாற்றினாலே போதும். 3, 4 ஓம் காட்டினால் சுற்றுகள் ஷார்ட். இரு கைகளாலும் கோனைச் சமமாக அழுத்தும்போது உரசல் கேட்டாலும் ரீகோனிங்தான், அதாவது காயிலையும் கோனையும் புதிதாக மாற்றுவது.

பழைய கோனையும், காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணியான ஸ்பைடரையும் பிளேடால் அறுத்து எடுங்கள். காந்தத்தைப் பிரிக்கவே கூடாது, மையம் விலகிவிடும். இடைவெளியில் கருகிய துணுக்குகளை, பசைப்பக்கம் வெளியே வரும்படி மடித்த மாஸ்கிங் டேப்பால் ஒற்றி எடுத்து, உடனே இடைவெளியின் வாயை டேப்பால் மூடி ஒட்டிவிடுங்கள். காந்தம் மேசையில் கிடக்கும் இரும்புத் துகளையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு துகள் போதும், புதுக் காயிலின் வார்னிஷ் சுரண்டப்பட.

புதுக் காயிலை நடு இரும்பின் மேல் இறக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நறுக்கிச் சுற்றிலும் சமமாகச் செருகுங்கள். உயரமும் முக்கியம். மேல் தட்டின் தடிப்பு 8 மி.மீ., சுற்றின் உயரம் 16 மி.மீ. என்றால் மேலே 4, கீழே 4 நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏறியோ இறங்கியோ போனால் ஒலி சிதையும். சூடு இறங்கும் பரப்பும் குறையும். காயிலும் ஸ்பைடரும் கோனும் சேரும் கழுத்தில் வெப்பம் தாங்கும் எபாக்ஸிதான் பூச வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்ஸி 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும். கோனின் ஓரத்துக்கு ரப்பர் பசை போதும். பின்னல் கம்பிக்குக் கோன் முழுதும் ஆடும் அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு ஃபிலிமை உருவி, 30 ஹெர்ட்ஸில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். உரசல் இல்லாவிட்டால் மட்டும் கோனின் நடுவில் டஸ்ட் கேப் என்ற மூடியை ஒட்டுங்கள். பழையது வலைத்துணி என்றால் புதியதும் வலைத்துணியாகவே இருக்கட்டும். காற்று போய்வரும் வழி அது. 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவைச் சிவப்பு டெர்மினலில் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும்.

பெட்டியில் மாட்டும் முன், சிக்னல் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டை டிசி ரேஞ்சில் அளந்துவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் இணைக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் பழுது ஆம்ப்ளிஃபையரில். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுக் காயிலும் எரியும்.